கண்டியிற் பிறந்த நூல்களும் நம் கடமையும்

விழா மலரொன்றிலே கல்லூரியை நிறுவிய பெரியோரின் பெருமையையும், அதிபர்கள் ஆற்றிய அருந்தொண்டையும், விளையாட்டுத் துறையில் ஈட்டிய வெற்றிகளையும் எடுத்தோதுதல் மரபு. அவற்றை எம்மினுஞ் சிறப்பாக எழுதவல்ல பழைய மாணவர் பலர் உளர். ஆதலின் யாம் அவ்வழிச் செல்லாது, ஒரு முறைப்பாட்டை முன்வைக்க விழைகின்றோம். விழாக் காலத்தில் முறைப்பாடு ஏன் என்று சிலர் வினவக்கூடும். குடும்பத்தார் யாவரும் ஒன்றுகூடும் நாளிலன்றோ கூரையின் ஒழுக்கைப் பற்றிப் பேசுதல் இயலும்! அன்றியும், இம்முறைப்பாட்டின் முதற் குற்றவாளி யாமே என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாந் தர வகுப்பிலே இலக்கிய வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தோம். மதுரையைக் கூறினோம், தஞ்சையைக் கூறினோம், நல்லூரையும் வண்ணார்பண்ணையையும் கூறினோம். பின்வரிசையில் இருந்த மாணவனொருவன் எழுந்து, "ஐயா, நம்முடைய கண்டியில் யாரும் புத்தகம் எழுதவில்லையா?" என்று கேட்டான். ஏளனமாகக் கேட்டானல்லன், அறியும் அவாவினாலேயே கேட்டான். எழுதினார்கள் என்று விடையிறுத்து, இரண்டு பெயர்களைச் சொன்னோம். "அந்தப் புத்தகம் நம்முடைய நூலகத்தில் இருக்கிறதா, ஐயா?" என்பது அவனது அடுத்த வினா. அதற்கு எம்மிடம் விடையில்லை. மணி அடித்தது, யாம் தப்பினோம்.

பயிற்சிக் கலாசாலையில் இரண்டாண்டு கற்று, இருபது ஆண்டுக்கு அணித்தாகத் தமிழ் கற்பித்து வரும் ஒருவர், தாம் வாழும் நகரிற் பிறந்த நூலொன்றை மாணவன் கையிற் கொடுக்க வகையற்று நின்றமை சிறிய குறையன்று. அந்நாள் தொட்டு யாம் தேடத் தொடங்கினோம். தேடியறிந்தவற்றுட் சிலவற்றை இங்குக் கூறுவோம்.

தெல்தோட்டையை அடுத்த போப்பிட்டி என்னும் ஊரிலே 1866 ஆம் ஆண்டு பிறந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர். அதற்கு அடுத்த ஆண்டு, அப்பகுதியிலுள்ள லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையை நட்டார். தேயிலையின் வரலாற்றை நம் மாணவர் மனனஞ் செய்திருக்கின்றனர். அதே மலைச்சாரலிற் பிறந்து, யாழ்ப்பாணத்துப் புலவர்களாலும் மதிக்கப்பெற்று, நம் நகரின்மீது கண்டிக் கலம்பகம் பாடிய புலவரை எத்துணைப் பேர் அறிவர்? கலம்பகம் பெற்ற ஊர் என்பது தமிழ் மரபிலே ஒரு பெருமை. அப்பெருமை நமக்குண்டு என்பதைக்கூட நாம் மறந்துவிட்டோம்.

அடுத்துக் கல்ஹின்னையைக் கூறுதல் வேண்டும். கண்டி மாவட்டத்துச் சிற்றூராகிய அங்கே, எஸ். எம். ஹனிபா என்னும் இளைஞர் 1950 களின் முற்பகுதியில் தமிழ் மன்றம் என்னும் வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டினைப் பற்றி ம. மு. உவைஸ் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சி நூலை 1953 இல் வெளியிட்டது இம்மன்றமே. சு. வித்தியானந்தன் சங்ககாலத் தமிழர் வாழ்வை ஆராய்ந்தெழுதிய தமிழர் சால்பு என்னும் நூலை 1954 இல் உலகுக்குத் தந்ததும் இதுவே. பாரதியின் பாடல்களைக் கே. ஜீ. அமரதாச சிங்களத்தில் ஆக்கியபோது, அந்நூலையும் இம்மன்றம் வெளியிட்டது. இதனைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். சங்ககாலத்தைப் பற்றிய தலைசிறந்த நூலொன்று சென்னையிலிருந்து வரவில்லை, கொழும்பிலிருந்தும் வரவில்லை, ஒரு முஸ்லிம் கிராமத்து இளைஞரின் முயற்சியால் வந்தது. தமிழ் எவருக்கு உரியது என்று வழக்காடுவோர் கல்ஹின்னையை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று.

1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தபின், நகருக்கு நான்கு மைல் தொலைவிலே தமிழறிஞர் கூட்டமொன்று உருவாகியது. தமிழ்ச் சங்கத்தார் இளங்கதிரை வெளியிட்டனர். மாணவர்கள் தம் சிறுகதைகளைத் தொகுத்துக் கதைப் பூங்கா, விண்ணும் மண்ணும், காலத்தின் குரல்கள் என்று 1962 முதல் 1964 வரை ஆண்டுக்கொரு நூலாகக் கொணர்ந்தனர். இருபது வயதுடையோர் செய்த வேலை அது. அக்காலத்திலேயே நகரிலிருந்து மலைமுரசு என்னும் சஞ்சிகை வெளிவந்து, மலையகத்து இளம் எழுத்தாளருக்குக் களம் அமைத்தது. தோட்ட மக்களின் துயரைச் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திற் பாடியிருந்தார். சக்தீ பாலையா அதனைத் தேயிலைத் தோட்டத்திலே என்று தமிழாக்கினார். அந்நூலை 1969 இல் கண்டிச் செய்திப் பதிப்பகமே அச்சேற்றியது.

இவை யாவும் வெறுமனே படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணற்க. மலையகத்திலே அச்சிட்ட தாளுக்கு வேறொரு வலிமையும் உண்டு. 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் கோப்பிக் கிருஷிக் கும்மி எழுதினார்; அது கோப்பிப் பயிர்ச்செய்கையைப் போற்றிய பாட்டு. ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து, 1940 இல், அட்டனை நிலையமாகக் கொண்டு தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தம் பாட்டுக்களை நூலாக்கினார். அவை தொழிலாளரின் உரிமையைப் பாடிய பாட்டுக்கள். தோட்டக் கூட்டங்களிலே அவரே அவற்றைப் பாடினார். கோப்பியைப் புகழ்ந்த பாட்டுக்கும் கூலி மக்களின் நியாயத்தைப் பேசிய பாட்டுக்கும் இடைப்பட்ட தூரமே மலையகத்தின் வரலாறு. அச்சிற் பதிந்தமையாலன்றோ அவ்விரண்டையும் இன்று நாம் அருகருகே வைத்துப் பார்க்க முடிகின்றது!

பின்னாளிலும் இவ்விளக்கு அணைந்ததில்லை. கண்டியில் வாழ்ந்த அந்தனி ஜீவா கொழுந்து என்னும் சஞ்சிகையை நடத்தினார். மலையக வெளியீட்டகத்தின் வழியாக நூல்களைக் கொணர்ந்தார். சாரல் நாடன் பழைய ஏடுகளைத் தேடித் திரிந்து, தேசபக்தன் கோ. நடேசய்யர் என்னும் வரலாற்றை 1988 இல் எழுதினார். அவர் எழுதியிராவிடின் நடேசய்யரின் பணியிற் பெரும்பகுதி நமக்குக் கதையாகவே போயிருக்கும். பின்னவர் 2014 இல் மறைந்தார்; முன்னவரும் இன்று நம்மிடையே இல்லை. தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிக் குருதிமலை என்னும் நாவலைத் தந்த தி. ஞானசேகரன், 2000 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஞானம் சஞ்சிகையைக் கண்டியிலிருந்தே தொடங்கினார். அது பின்னர் கொழும்புக்குப் பெயர்ந்தது.

இவர்கள் அனைவரிடத்தும் பொதுவாயமைந்த ஒன்றுண்டு. இவர்களுட் பெருமுதலாளி எவரும் இலர். ஆசிரியர், பத்திரிகையாளர், மருத்துவர், மாணவர் என்னும் இத்தகையோரே தம் ஊதியத்திலிருந்து பிடித்து வைத்த பணத்தால் நூல் வெளியிட்டனர். பதிப்பகம் என்று அட்டையிற் பெயரிருக்கும்; தேடிச் சென்றால் வீட்டு விறாந்தையில் ஒரு மேசையும் ஒரு கட்டுப் பிரதியும் இருக்கும். அரசின் ஆதரவையோ கட்சியின் ஆதரவையோ எதிர்பாராது இயங்கியமையால், எழுத நினைத்ததை அஞ்சாது எழுதினர். அதுவே இவர்களின் வலிமை. எழுதியதை விற்க வழியின்மையே இவர்களின் மெலிவு.

ஏன் விற்க வழியில்லை? வரலாறு தந்த காரணங்கள் சில உண்டு. 1964 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தின் வாயிலிலே கடவுச்சீட்டுக்காக மக்கள் காத்துநின்றனர். போனவர்களுள் எழுதுவோரும் இருந்தனர். அவர்களைப் படிப்போரும் இருந்தனர். ஒரு சமூகத்தின் வாசகர் கூட்டம் புகைவண்டியேறித் தலைமன்னாருக்குப் போயிற்று. 1983 ஆடிக் கலவரத்திலே கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன. கடையோடு கணக்கேடும், வீட்டோடு நூலும் எரிந்தன. அண்மையில், 2022 இல், கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டமையை யாவரும் அறிவர். வினாத்தாளுக்கே தாளில்லாத காலத்திற் கவிதைக்குத் தாள் ஏது?

இவையெல்லாம் மெய்யே. ஆயினும், இவற்றைச் சொல்லிக்கொண்டு நாம் ஒதுங்கிவிடுதல் முறையன்று. ஒப்பந்தத்தை மாற்ற நம்மால் முடியாதிருந்தது. கடதாசியின் விலையை நாம் நிர்ணயிப்பதில்லை. நம் கையில் இருந்த ஒன்றையாவது செய்தோமா என்பதே எம் வினா. நூலை விலைகொடுத்து வாங்குதலே அந்த ஒன்று.

நம் ஊரிலே நூலொன்று பிறக்கும் முறையை அறியாதார்க்குச் சொல்கின்றோம். முந்நூறு பிரதி, மிஞ்சினால் ஐந்நூறு பிரதி அச்சாகும். மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா நடக்கும். மங்கல விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என்று நிகழ்ச்சி நீளும். வர்த்தகப் பிரமுகர் ஒருவர் முதற்பிரதியைப் பெறுவார். அவர் தரும் கடித உறையே அச்சுச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கும். சிறப்புப் பிரதிகள் சில போகும். பேச்சாளருக்கு அன்பளிப்பு, நண்பருக்கு அன்பளிப்பு, உறவினருக்கு அன்பளிப்பு. எஞ்சியவை நூலாசிரியரின் வீட்டுக்குத் திரும்பும். அடுத்த நாள் பத்திரிகையிற் புகைப்படம் வரும். நூலைப் படித்தவர் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை.

யாமும் அத்தகைய மேடைகளில் நயவுரை ஆற்றியிருக்கின்றோம், பொன்னாடை பெற்றிருக்கின்றோம், நூலை இலவசமாகவே பெற்றிருக்கின்றோம். எம் அலமாரியைச் சோதித்தபோது, நம் பகுதி எழுத்தாளரின் நூல்கள் பதினேழு இருந்தன. அவற்றுள் யாம் பணங் கொடுத்து வாங்கியவை இரண்டு.

தேடலின்போது முதிய எழுத்தாளர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றோம். கட்டிலின்கீழ் நான்கு பெட்டிகள் இருந்தன. முப்பதாண்டுக்கு முன்னர் அவர் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியின் பிரதிகள் அவை. ஒரு பெட்டியைக் கறையான் தின்றுவிட்டதாம். அவர் ஒரு பிரதியை எடுத்து, துணியால் துடைத்து, எம் பெயரெழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அவர் மனையாள் தேநீர் தந்தார். யாம் நன்றி கூறி விடைபெற்றோம். பேருந்தில் வருகையிலேதான், அந்நூலையும் யாம் விலைகொடாது வாங்கி வருகின்றோம் என்பது நினைவில் உறைத்தது.

அடுத்த கிழமை மீண்டுஞ் சென்று ஐந்து பிரதி வேண்டுமென்றோம். விலை யாதென்று கேட்டபோது அவர் திகைத்தார், விலையை மறந்திருந்தார். பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். அறுபது ரூபா என்று அச்சிட்டிருந்தது. இன்றைய நிலையில் அது எம் பேருந்துக் கட்டணத்துக்கும் போதாது. கூடுதலாகத் தருகின்றோம் என்றபோது, "போட்ட விலைதான், வாத்தியார்" என்று மறுத்துவிட்டு, முந்நூறு ரூபாவை எண்ணி வாங்கி, ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். அக்கொப்பியிலே முன்னைய பதிவு எந்த ஆண்டுக்குரியது என்பதை யாம் கேட்கவில்லை. கேட்கும் துணிவு எமக்கில்லை.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். "வெளிவரும் நூல்களிலே தரமில்லை; எழுத்துப்பிழை மலிந்துள்ளது; எதற்காக வாங்குவது?" என்பர். குற்றச்சாட்டிற் சிறிது உண்மையுண்டு. ஆனால், பெரும் பதிப்பகங்களுக்கு மெய்ப்பு நோக்குவோர் உளர். தனியாக வெளியிடும் எழுத்தாளருக்கு யார் உளர்? தமிழாசிரியராகிய நாமன்றோ அவ்வுதவியைச் செய்தற்குரியோம்! மேடையிலே புகழ்ந்து கூறும் அரை மணி நேரத்தை, அச்சாகுமுன் மெய்ப்புத் தாளுக்குக் கொடுத்தால் நூலும் திருந்தும், எழுத்தாளரும் வளர்வார். குறையைக் குறையென்று கூறும் விமரிசனமும் வேண்டும். விலை கொடுத்து வாங்கியவனுக்கே குறைகூறும் உரிமை முழுமையாக உண்டு என்பதையும் மறவற்க.

"இன்று யாவும் கைத்தொலைபேசியிலே கிடைக்கின்றன, நூலை ஏன் காப்பது?" என்பர் வேறு சிலர். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் பேணி வருவது போற்றத்தக்க பணி. யாமும் அதனாற் பெரும் பயனடைந்தோம். எனினும், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிரதியாவது கறையானுக்குத் தப்பியிருந்தாலன்றோ அதனைப் படமெடுத்து வைக்க முடியும்! தாள் அழிந்தபின் எண்ணிமமும் இல்லை.

ஆதலால் பழைய மாணவர் சங்கத்தாருக்கும், ஆசிரியர்களுக்கும், மாணவர்களுக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

நம் கல்லூரி நூலகத்திலே கண்டிப் பதிப்புக்களுக்கென ஓர் அலமாரி தனியே அமைதல் வேண்டும். கண்டியிலும் சூழவுள்ள ஊர்களிலும் எழுதப்பெற்ற, அச்சிடப்பெற்ற தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் அதில் இடம்பெறுக. பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்து, ஒரு நூலையோ ஒரு பழைய சஞ்சிகையையோ கொணர்வாராக. மூத்தோர் பலரிடம் மலைமுரசின் இதழ்கள் இன்னும் இருத்தல் கூடும்.

பரிசளிப்பு விழாவில் வழங்கும் நூல்களுட் பாதியாவது நம் பகுதி எழுத்தாளரின் நூல்களாகுக. ஆண்டுதோறும் பரிசு வாங்கும் மாணவர் தொகையை எண்ணிப் பார்த்தால், ஓர் எழுத்தாளரின் முதற் பதிப்பிற் பெரும்பகுதி அதனாலேயே விற்பனையாகிவிடும் என்பது விளங்கும்.

கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவர்கள், விழாவுக்கு வாழ்த்து விளம்பரம் தருவதோடமையாது, ஆண்டுக்கு ஒரு நூலின் பத்துப் பிரதிகளை விலைக்கு வாங்கிப் பாடசாலைகளுக்கு அனுப்புவாராக. அன்பளிப்பாகக் கேளாதீர்கள், அச்சிட்ட விலையைக் கொடுங்கள். எழுத்தாளருக்கு நாம் செய்யும் மரியாதைகளுட் பொன்னாடையைவிட அது சிறந்தது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று கூறுவோம். உங்களினும் மிக மூத்தோரல்லாத பேராதனை மாணவர், 1962 இல் எவருடைய அனுமதிக்கும் காத்திராது கதைத் தொகுதி வெளியிட்டனர். கையெழுத்துச் சஞ்சிகையாயினும் ஒன்றைத் தொடங்குங்கள். மெய்ப்பு நோக்க யாம் வருகின்றோம்.

அந்த ஐந்து பிரதிகளையும் வகுப்புக்குக் கொண்டு சென்ற நாளைக் கூறி முடிக்கின்றோம். வினாவெழுப்பிய மாணவன் அப்போது பதினோராந் தரத்தில் இருந்தான். நூலை அவன் கையிற் கொடுத்தோம். அட்டையைப் பார்த்தான், உள்ளே புரட்டினான், பதிப்பு விபரம் உள்ள பக்கத்திலே நின்றான். அச்சகத்தின் பெயரின்கீழ்த் திருகோணமலை வீதி, கண்டி என்றிருந்தது. "ஐயா, இந்த வீதியால்தானே நான் தினமும் பள்ளிக்கூடம் வருகிறேன்" என்றான். பின்னர் அமர்ந்து முதற் கதையைப் படிக்கத் தொடங்கினான். யாம் அன்று வேறு பாடம் நடத்தவில்லை.

அவனைப்போல் இன்னும் பல நூறு மாணவர் அவ்வீதியால் நாள்தோறும் நம் கல்லூரிக்கு வருகின்றனர். அவர்களுக்குக் கொடுக்க எம்மிடம் இப்போது நான்கு பிரதிகளே உள. எஞ்சியவற்றைப் பழைய மாணவர்களாகிய நீங்களே கொணர்தல் வேண்டும்.